ட்ராக் டேயில் லேப் டைம் பலகை வைக்கலாமா? (இருங்காட்டுக்கோட்டை, முழுச் சுற்று)

பிட்லேன்:
அடுத்த மாதம் சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தை நம் கிளப் ட்ராக் டேக்காக, அதாவது போட்டி இல்லாமல் அவரவர் வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்க, ஒரு நாளுக்கு எடுக்கிறது. முழுச் சுற்று, 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. மூன்று குழு, குழுவுக்கு 20 நிமிட செஷன், ஆளுக்கு நாலு செஷன். வருகிறவை பெரும்பாலும் போலோ, ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி தினமும் ஆபீசுக்குப் போகிற வண்டிகள்தான்.

இதுவரை நாம் லேப் டைம் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்) எடுத்ததில்லை. இந்த முறை எல்லா வண்டிக்கும் டிரான்ஸ்பாண்டர் (வண்டி கோட்டைத் தாண்டும் நொடியைப் பதிய உதவும் சின்னக் கருவி) வாடகைக்கு எடுத்து, ஒவ்வொருவரின் சிறந்த நேரத்தையும் பிட் (வண்டிகள் வந்து நிற்கும் இடம்) பக்கம் ஒரு பலகையில் எழுதிப் போடலாம் என்று சிலர் கேட்கிறார்கள். சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். எதுவானாலும் காரணத்தோடு எழுதுங்கள்.

நாலாம்கியர்:
கூடாது. முதல் காரணம் பிரேக். கணக்கைப் பாருங்கள்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,180 கிலோ எடையுள்ள வண்டி 150 கி.மீ. வேகத்திலிருந்து 60க்கு வர பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 860 கிலோஜூல். அதே வண்டி சாலையில் 100லிருந்து அப்படியே நிற்பதற்கு 455 கிலோஜூல்தான். ஆக, நேர்ப்பாதை முடிவில் வரும் ஒரே ஒரு பலத்த பிரேக், ஹைவேயில் உயிருக்குப் பயந்து மிதிக்கும் பிரேக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகிறது என்று வைத்தால், முன் டிஸ்க் ஒன்றுக்கு 300 கிலோஜூல். 5 கிலோ வார்ப்பிரும்பு டிஸ்க்கின் சூடு அந்த ஒரு மிதியில் 120 டிகிரிக்கு மேல் ஏறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

பலகை இல்லாத நாளில் ஓட்டுபவர் பெடல் கொஞ்சம் இளகினாலே ஒரு சுற்று மெதுவாகப் போய் வண்டியை ஆறவிடுவார். பலகை இருந்தால் "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று போவார். ட்ராக் டேயில் வண்டி சுவரில் போய் முட்டுவது பெரும்பாலும் அந்த ஒரு சுற்றில்தான்.

கோவைடர்போ:
அதுக்கும் பலகைக்கும் என்னங்க சம்பந்தம்? பிரேக் சூடாகறது பலகையைப் பார்த்து இல்லீங்க, ஓட்டற விதத்தைப் பார்த்து. நீங்க சொல்ற அத்தனைக்கும் மருந்து பிரேக் ஆயிலும் பேடும்தான்.

பிரேக் ஆயில் தரத்துல டாட் 3 புதுசுல 205 டிகிரி, ஈரம் ஏறினா 140. டாட் 4 புதுசுல 230, ஈரம் ஏறினா 155. டாட் 5.1 புதுசுல 260, ஈரத்துல 180. இதெல்லாம் அந்தத் தரத்துக்கான குறைந்தபட்ச கொதிநிலை. ரெண்டு வருஷமா மாத்தாத டாட் 4, புது டாட் 3ஐ விட மோசம், அவ்வளவுதான் விஷயம். ஒரு லிட்டர் வாங்கி, பழசு முழுக்க வெளியே வர்ற வரைக்கும் நாலு சக்கரத்துலயும் ப்ளீட் பண்ணுங்க. வரிசை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்க. டாட் 5னு தனியா ஒண்ணு இருக்கு, அது சிலிகான். 5.1னு நெனச்சு அதை ஊத்திடாதீங்க.

பேடு பாதி தேய்ஞ்சிருந்தா தடத்துக்கே வரக் கூடாது. பேடு மெலிசாயிட்டா சூடு, பேடை அழுத்தற காலிப்பர் பிஸ்டன் வழியா நேரா ஆயிலுக்குப் போகும். புதுப் பேடு போட்டா 80லிருந்து 20க்கு எட்டு பத்து தடவை, நிக்காம, மிதமா அமுக்கிப் பதப்படுத்தணும்.

பலகை இல்லேன்னா யாரும் நேரம் பார்க்க மாட்டாங்கன்னு நெனக்கறீங்களா? பாதிப் பேர் போன்ல ஆப் ஓட விட்டு டேஷ்போர்டுல ஒட்டிக்கறாங்க. வளைவுக்கு நடுவுல திரையைப் பார்க்கறாங்க. அதைவிட ஆபத்து வேற இல்லீங்க. டிரான்ஸ்பாண்டர் இருந்தா வண்டிக்குள்ள பார்க்க ஒண்ணுமே இல்ல.

தடக்கோடு:
போன் ஆப்பைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒரு தகவல். போனில் உள்ள ஜிபிஎஸ் பொதுவாக வினாடிக்கு ஒரு புள்ளிதான் தரும். 140 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 39 மீட்டர் போகிறது. அதாவது 39 மீட்டருக்கு ஒரு புள்ளி. கோட்டைத் தாண்டிய நொடியை ஆப் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கணக்குப் போட்டு ஊகிக்கிறது. அதனால் முழுச் சுற்று நேரம் ஓரளவு சரியாகவே வரும். பிரேக் பிடித்த இடம், வளைவில் மிகக் குறைந்த வேகம் இரண்டும் அதில் நம்பத்தக்கவை இல்லை. 10 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 10 புள்ளி) கருவியில் அதே வேகத்தில் 4 மீட்டருக்கு ஒரு புள்ளி, 25 ஹெர்ட்ஸில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. கற்றுக்கொள்ள உதவுவது இவை. டிரான்ஸ்பாண்டர் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை சொல்லும், ஆனால் கோட்டில் மட்டும். எங்கே நேரம் போனது என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்று. காலை 25 டிகிரியில் எடுத்த நேரத்தையும் பகல் 38 டிகிரியில் எடுத்ததையும் ஒரே பலகையில் எழுதுவது நியாயம் இல்லை. காற்றின் அடர்த்தி 4 சதவீதம் குறையும். டர்போ இல்லாத எஞ்சினில் பவரும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். டர்போ வண்டியில் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர் சூடேறி, மூன்றாவது சுற்றிலிருந்து இழுவை மந்தமாகும். தார் சூடும் டயரின் பிடியை மாற்றிவிடும். மதியக் குழுவில் இருப்பவர் எப்படி ஓட்டினாலும் பலகையில் கீழேதான் நிற்பார்.

நாலாம்கியர்:
@கோவைடர்போ, பிரேக் ஆயில் பற்றி எழுதியது அத்தனையும் சரி. ஆனால் அதைச் செய்துவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? பலகை வைப்பது கிளப்பின் முடிவு. ஆயில் மாற்றுவது ஆளாளுக்கு உள்ள பொறுப்பு. இரண்டாவதை உறுதிப்படுத்த முடியாத கிளப் முதலாவதைச் செய்யக் கூடாது.

அடுத்தது இன்சூரன்ஸ். நம் தனியார் கார் பாலிசியை எடுத்து "பயன்பாட்டு வரம்புகள்" என்ற பகுதியைப் படியுங்கள். வாடகை ஓட்டம், சரக்கு ஏற்றுதல் ஆகியவற்றோடு, அமைப்பாக நடத்தும் பந்தயம், பேஸ் மேக்கிங் (முன்னே ஓடி வேகம் நிர்ணயிப்பது), வேகச் சோதனை, ரிலையபிலிட்டி ட்ரயல் (வண்டி தாங்குமா என்ற சோதனை) எல்லாம் விலக்கு என்று எழுதியிருக்கும். நேரம் எடுத்துப் பலகையில் எழுதினால் அது வேகச் சோதனை இல்லை என்று யாரிடம் வாதாடுவீர்கள்? பிரிட்டனில் ட்ராக் டே நடத்துபவர்கள் பொதுவாக நேரம் எடுக்கவே விடுவதில்லை. நேரம் எடுத்தால் அது போட்டி ஆகிவிடும், போட்டிக்கு அனுமதி வேறு. ஜெர்மனியின் நூர்புர்கிரிங் பந்தயத் தடத்தில் பொதுமக்கள் ஓட்டும் நாட்களில் ஜெர்மானியச் சாலை விதிகள்தான் நடைமுறை, நேரம் எடுக்கத் தடை. இங்கேயும் போட்டி என்று வந்துவிட்டால் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) அனுமதி, ஓட்டுநருக்கு உரிமம் என்று கேள்வி கிளம்பும். நம் கிளப் அந்த வாசலில் போய் நிற்க வேண்டாம்.

கோவைடர்போ:
நூர்புர்கிரிங்கை நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சு. அங்க தடை இருந்தும் என்ன நடக்குதுங்க? அங்க இருக்கற நார்ட்ஷ்லைஃபேங்கற வடக்குச் சுற்றோட முழு நீளம் 20.832 கி.மீ. பொதுமக்கள் ஓட்டற நாள்ல முழுச் சுற்று விடாம ஓட்ட முடியாது. அதனால ஒரு பாலத்துல ஆரம்பிச்சு டோட்டிங்கர் ஹோஹ நேர்ப்பாதையில மேல நிக்கற பலகைத் தூண் வரைக்கும், ஏறக்குறைய 19.1 கி.மீ.க்கு, ஓட்டறவங்களே ஒரு அளவு வெச்சுக்கிட்டாங்க. உலகம் முழுக்க அந்த நேரத்தைத்தான் ஒப்பிட்டுப் பேசறாங்க. தடை போட்டா நேரம் எடுக்கறது நிக்காது, கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குப் போயிடும்.

இன்சூரன்ஸ் விஷயத்துல ஒண்ணு தெளிவாச் சொல்லணும். பலகையை எடுத்துட்டா பாலிசி காப்பாத்தும்னு புதுசா வர்றவங்க நெனச்சுடக் கூடாது. நேரம் எடுத்தாலும் எடுக்காட்டியும் மூடின தடத்துல வேகமா ஓட்டி வண்டி நசுங்கினா சொந்தச் செலவுன்னு மனசுல எழுதிக்கிட்டுத்தான் வரணும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) போட்டிருந்தாலும் இதே கதைதான், மூலப் பாலிசியில விலக்கினதை ஆட்-ஆன் திருப்பிக் கொண்டு வராது. வாரண்டியும் அப்படித்தான். பதிவுப் படிவத்துல முதல் வரியாவே இதைப் போடுங்க. பலகை இல்லாததால பத்திரம்ங்கற எண்ணம் பலகையை விட ஆபத்து.

இப்ப நான் பலகை கேக்கறதுக்கு உண்மையான காரணம். குழு பிரிக்கறது. இப்ப எப்படிப் பிரிக்கறோம்? "எத்தனை தடவை வந்திருக்கீங்க"ன்னு கேட்டு, அவங்க சொல்றதை நம்பி. 2:05ல சுத்தற வண்டியும் 2:25ல சுத்தற வண்டியும் ஒரே குழுவுல இருந்தா, சுத்துக்கு 20 வினாடி நெருங்கும். அரைச் சுற்று முன்னாடி விட்டாலும் நாலாவது சுத்துலயே பின்னாடி வந்து நிக்கும். ஒரு செஷன்ல ஒவ்வொருத்தரும் ரெண்டு மூணு தடவை வழி விடணும். நேரத்தை வெச்சுப் பிரிச்சா இந்தத் தொல்லை பாதியாக் குறையும்.

ஸ்பேனர்12:
தம்பிகளா, நேரத்தை மட்டும் வைத்துக் குழு பிரிப்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2:20ஐ இரண்டு விதமாக எடுக்கலாம். பவர் நிறைய உள்ள வண்டி நேர்ப்பாதையில் பறந்து வளைவில் தவழ்ந்து 2:20. 900 கிலோ ஸ்விஃப்ட் நேர்ப்பாதையில் மூச்சு வாங்கி வளைவில் வேகத்தை விடாமல் 2:20. இந்த இரண்டையும் ஒரே குழுவில் போட்டால், வளைவுக்கு வளைவு ஸ்விஃப்ட் அந்த வண்டியின் பம்பரில் ஒட்டும், நேர்ப்பாதையில் பின்தங்கிவிடும். முந்த அனுமதி நேர்ப்பாதையில் மட்டும். கடைசிவரை முந்த முடியாது. இரண்டு பேருக்கும் எரிச்சல். எரிச்சலில்தான் கை சைகை இல்லாமலே உள்ளே நுழைகிறார்கள்.

அதனால் சைகைதான் முதல் பாடம். நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம். வலப்பக்கம் முந்தச் சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நேராக நீட்ட வேண்டும். இடப்பக்கம் என்றால் கையைக் கூரைக்கு மேலே வளைத்துக் காட்ட வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரு சைகை, பின்னால் இரண்டு வண்டி இருந்தால் இரண்டு சைகை. சைகை காட்டியதும் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டும். பவர் உள்ள வண்டிக்காரர்கள் கையைக் காட்டிவிட்டு மிதித்துக்கொண்டே போவார்கள், அங்கேதான் சண்டை ஆரம்பம்.

பிரேக்கைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், இது யாரும் எழுதவில்லை. பெடல் கல்லு மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை: பேடு சூடாகிப் பிடி போயிற்று. பெடல் பஞ்சாகி அடிவரை இறங்குகிறது: ஆயில் கொதித்துக் குமிழி விட்டுவிட்டது. முதலாவது ஒரு சுற்று ஆறவிட்டால் திரும்பி வரும். இரண்டாவது வராது, திரும்ப வந்த மாதிரி தெரிந்தாலும் நம்பக் கூடாது. ப்ளீட் செய்யாமல் அடுத்த செஷனுக்குப் போகவே கூடாது. கடைசிச் சுற்றை பிரேக் தொடாத அளவுக்கு மெதுவாக ஓட்டி வந்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடாக வந்து அப்படியே நிறுத்தினால், ஓடும்போது கொதிக்காத ஆயில் நின்றபிறகு கொதிக்கும்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. அதன் ஏழு கியர் டிஎஸ்ஜியில் (தானியங்கி கியர்பாக்ஸ்) உலர் கிளட்ச். தடத்தில் ஓட்டுவதைவிட பிட் வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து நிற்பது அதற்குக் கேடு. வரிசையில் நின்றால் நியூட்ரலுக்குப் போட்டுவிடுங்கள். அதன் வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில் முதல் செஷன் முடிந்து ஆறியதும் மறுபடி பாருங்கள். டேங்கில் கால்வாசிக்குக் கீழே பெட்ரோல் வேண்டாம், நீண்ட வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும்.

பிட்லேன்:
நன்றி அண்ணா. டயர் அழுத்தத்தையும் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதிகம் கேட்கப்படுவது அதுதான்.

ஸ்பேனர்12:
காலையில் 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்துப் போனால், டயருக்குள் காற்று 75 டிகிரி ஆகும்போது 39 காட்டும். ஏறக்குறைய ஆறரை டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ. 39ல் டயரின் நடுப்பகுதிதான் தரையைத் தொடும், முன்பக்கம் வழுக்கும். அதனால் முதல் செஷன் முடிந்து பிட்டுக்கு வந்த உடனே, ஆறுவதற்குள், 36 வரை இறக்குங்கள். நாலு சக்கரமும் ஒரே அளவு சூடேறாது, தடம் கடிகாரச் சுற்றில் போவதால் இடப்பக்க டயர்கள்தான் அதிகம் உழைக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மறக்கக் கூடாதது: 36ல் இறக்கிய டயர் ஆறியதும் இருபத்தொன்பதரைதான் இருக்கும். அப்படியே ஸ்ரீபெரும்புதூர் ஹைவேயில் ஏறக் கூடாது. கையில் சின்ன கம்ப்ரசர் இல்லாதவர் இறக்கவே வேண்டாம், 39லேயே ஓட்டட்டும்.

தடக்கோடு:
பலகைப் பேச்சுக்கு வருகிறேன். சண்டை நேரம் எடுப்பதைப் பற்றி இல்லை, எந்த எண்ணை எழுதுவது என்பதைப் பற்றி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு செஷனில் இரண்டு பேர் ஐந்து சுற்று ஓட்டியதாக வைத்துக்கொள்வோம்.

முதலாமவர்: 2:23.9, 2:25.1, 2:18.4, 2:26.0, 2:21.7
இரண்டாமவர்: 2:20.9, 2:20.3, 2:21.2, 2:20.6, 2:20.8

சிறந்த நேரத்தை எழுதினால் முதலாமவர் மேலே. ஆனால் அவருக்கு அந்த 2:18 எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. அடுத்த சுற்றில் ஏழரை வினாடி போய்விட்டது. இரண்டாமவரின் எல்லாச் சுற்றும் ஒரு வினாடிக்குள் அடங்கியிருக்கிறது. பிரேக் பிடிக்கும் இடம் அவர் கையில் இருக்கிறது. அவரால் மட்டுமே "இந்த வளைவில் ஐந்து மீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்ப்போம்" என்று ஒன்றை மாற்றி, பலனைத் தெரிந்துகொள்ள முடியும். நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்தால் முதலாமவருக்கு 2:23.9, இரண்டாமவருக்கு 2:20.8. பலகையில் இந்த நடு நேரத்தை எழுதுங்கள். ஒரே ஒரு சுற்றை உயிரைப் பணயம் வைத்து ஓட்டுவதால் அது அசையாது.

கோவைடர்போ:
நல்ல யோசனைதானுங்க. ஆனா முன்னாடி மெதுவான வண்டி மாட்டினா என்ன பண்றது? ரெண்டு சுத்து அப்படிப் போனாலே நடு நேரம் சரிஞ்சுடும். ஒழுங்கா வழி விட்டவனுக்கு நேரம் போகும், வழி விடாதவனுக்கு நேரம் மிஞ்சும். பலகை கெட்ட பழக்கத்துக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆயிடும். சிறந்த நேரத்துல அந்தச் சிக்கல் இல்ல, ஒரு காலிச் சுத்து கிடைச்சாப் போதும்.

நாலாம்கியர்:
இந்த முறை கோவைடர்போ சொன்னதை அப்படியே ஏற்கிறேன், அதிலிருந்து நான் எடுக்கும் முடிவுதான் வேறு. சிறந்த நேரத்தை எழுதினால் பிரேக்கைத் தள்ளிப் பிடிப்பார்கள். நடு நேரத்தை எழுதினால் வழி விட மாட்டார்கள். எந்த எண்ணை நாலு பேர் பார்க்க எழுதினாலும் அந்த எண்ணுக்காக ஓட்டுவார்கள். தவறு எண்ணில் இல்லை, பலகையில். நேரத்தை எடுங்கள், ஒவ்வொருவரின் தாளையும் அவரவர் கையில் மட்டும் கொடுங்கள். நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிட அது போதும்.

தடக்கோடு சொன்ன வெப்பநிலைக் கணக்கும் அப்போது சிக்கல் இல்லை. தாளில் செஷன் நேரமும் வெயில் அளவும் குறித்துக் கொடுத்தால் அவரே புரிந்துகொள்வார்.

பிட்லேன்:
எல்லோர் கருத்தையும் வைத்து இந்த முறைக்கு இப்படிச் செய்கிறோம். டிரான்ஸ்பாண்டர் உண்டு, பலகை இல்லை. ஒவ்வொரு செஷன் முடிந்ததும் அவரவர் சுற்று நேரங்கள் தனித் தாளில், வெயில் அளவோடு. காலையில் முதல் செஷன் பழைய முறையில் அனுபவத்தை வைத்துக் குழு. இரண்டாவது செஷன் முடிந்ததும் பயிற்சியாளர்கள் நேரத்தையும் பார்த்து, தடத்தின் ஓரத்தில் நின்று கண்ணால் பார்த்ததையும் சேர்த்து, குழுவை மாற்றுவார்கள். வண்டிக்குள் போன் திரை கூடாது. கருவி பொருத்தலாம், திரை அணைந்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லை என்ற வரி படிவத்தின் உச்சியில், தனிக் கையெழுத்தோடு.

கோவைடர்போ:
பலகை இல்லாததுல எனக்கு ஒப்புதல் இல்லைங்க, ஆனா குழு மாத்தறீங்கன்னா நான் கேட்டதுல பெரிய பாதி கிடைச்சாச்சு. விருப்பப்பட்டவங்க தாளை மாத்திப் பார்த்துக்கறதைத் தடுக்க மாட்டீங்கதானே? ஒரே மாதிரி வண்டி, ஒரே டயர் வெச்சிருக்கற ரெண்டு பேர் உக்காந்து ஒப்பிட்டா அதுல வர்ற பாடம் வேற எதுலயும் வராது.

பிட்லேன்:
தாராளமாக. அது இரண்டு பேருக்குள் நடப்பது.

ஸ்பேனர்12:
டிரான்ஸ்பாண்டரை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தீர்களா? எல்லா வண்டியிலும் ஒரே இடமாக இருக்க வேண்டும். ஒருவர் முன் பம்பரிலும் இன்னொருவர் பின் சீட்டுக்குக் கீழேயும் வைத்து ஒப்பிட்டால் கோட்டைத் தாண்டும் நொடியே வேறு. அதோடு தரையிலிருந்து 60 செ.மீ.க்குள், கீழே இரும்புத் தகடு மறைக்காமல் இருக்க வேண்டும். தெருவண்டிக்கு முன் பம்பரின் கீழ்ப்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் கட்டுவது எளிது, ஆனால் ரேடியேட்டரைத் தொடக் கூடாது. ஒரு வண்டிக்கு நாலு கேபிள் டை, ஒரு சின்ன வயர் கட்டர். காலையில் வண்டிச் சோதனையின்போதே கட்டிவிடுங்கள், பிட் வரிசையில் போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.